மகளுக்கு ஏற்ற அளவு

ஒன்றரை வருடமாகக் கண்ணில் படாத மகளை ஆளுயரத்துக்குப் பார்க்க என்ன விலை? மணிக்கு முந்நூறு. பாத்திரக் கடைக்காரர் அதையும் பேசி இருநூற்றைம்பதுக்கு இறக்கிவிட்டுத்தான் புரொஜெக்டரை வீட்டுக்குள் விட்டார். மெஷின் மட்டும்தான் தன் பொறுப்பு, கம்ப்யூட்டர் உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் புரொஜெக்டர்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

போனில் வேண்டாம், பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் மகள்தான். வெளிநாட்டில் அவள் வேலைக்குக் கிளம்ப அரை மணி நேரமே இருந்தது.

சுவரில் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் முகம் தாம்பாளமாக அகன்றிருந்தது. மகள் அண்டா.

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

"நம்ம பொண்ணுதான். அளவு தப்பு."

"அப்பா, தெரியுதா?" என்றாள் மகள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

அளவை நாமே எழுதிக்கொள்ளக் கம்ப்யூட்டரில் ஓர் இடம் இருந்தது. எடுத்த எடுப்பில் கடைசி விலையைச் சொல்லிப் பழகாதவர், அகலம் ஒன்பதாயிரம் என்று போட்டார். முடியாது என்றது. ஐயாயிரம். முடியாது. மூவாயிரத்துக்கு வந்தார். சுவர் இருண்டு, பதினைந்து விநாடி முறுக்கிக்கொண்டு நின்று, பழைய அளவுக்கே திரும்பியது. சத்தம் மட்டும் திரும்பவில்லை.

"போற மாதிரி போய்த் திரும்பி வருது பாத்தியா? படிஞ்சிடும்."

"பேரம் பேசாதீங்க. அவ கிளம்பிடுவா."

அகலம் இரண்டாயிரத்துக்கு உயரம் அறுநூறு படிந்தது. மருமகன் ஒட்டடைக்குச்சி ஆனார். அகலத்தைக் கூட்டினால் ஆள் இளைக்கிறார்; எந்தக் கடையிலும் காணாத கணக்கு.

ஆயிரத்து இருநூற்று எண்பதுக்கு எழுநூற்று இருபது போட்டதும் எல்லாம் நேரானது. மருமகன் மருமகனாக இருந்தார். அவர் பின்னால் தொங்கிய கடிகாரம் வட்டமாக இருந்தது. மகள் மட்டும் குறையவில்லை. சத்தமில்லாமல் எதையோ சொல்லி, எழுந்து நின்று, பக்கவாட்டில் வேறு திரும்பிக் காட்டினாள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதே. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, சரி பண்ணிடறேன்" என்றவர், புரொஜெக்டர்காரரிடம் திரும்பினார். "ஏம்ப்பா, பொண்ணு நிக்கிற இடது பக்கத்துக்கு மட்டும் தனி அளவு போட முடியாதா?"

புரொஜெக்டர்காரர் முதல்முறையாக எழுந்து வந்து சுவரைப் பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் காட்டுது முதலாளி. உங்க கணக்குலதான் தப்பு. அங்க மக ஒண்ணு, மருமகன் ஒண்ணு, பேரப்பிள்ளை ஒண்ணு, ஆக மூணு. ரெண்டு வந்தாச்சு, ஒண்ணு பாக்கி."