எட்டாம் மாடிக்கு வந்த பூங்கொத்துகள்

ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரித்த சனிக்கிழமை மாலை அந்த எட்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் உபதேசியார், அவருடைய மகன், மருமகள், பேத்தி, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த சாமியார். இந்த ஐந்து பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. ஐந்து பேரும் நல்லபடியாக உயிரோடு இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஒரு கௌரவமான குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொன்று பேச இடம் கொடுக்கக் கூடாது.

நான்கு தலைமுறையாகக் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த வம்சம் அது. அதனால்தான் உபதேசியார் என்ற பேர். மகன் வேலைக்கு வந்த நாட்டிலோ கிறிஸ்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையே ஒரு சோபாக் கடையின் மேல்மாடியில் நடந்தது. விமான நிலையத்திலிருந்து வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே உபதேசியார் கேட்டார்.

"வீடு மந்திரிச்சாச்சா?"

"இல்லப்பா."

"நாலு வருஷமா மந்திரிக்காத வீட்லயா படுத்துத் தூங்கினீங்க?"

"தூக்கம் வந்துச்சுப்பா."

இது ஒரு பதிலா? உபதேசியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமியாருக்குப் போன் போட்டுத் தேதி வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

சாமியார் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். "தூபம் கொஞ்சமா போதும்" என்றார். அந்த வம்சத்தில் யாரும் எதையும் கொஞ்சமாகச் செய்ததில்லை. உபதேசியார் சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டார். கூரையிலிருந்த புகை மணி வீல் என்று அலறியது. அதைக் கேட்டு மற்ற மாடிகளின் மணிகளும் அலறின. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் செருப்புகூடப் போடாமல் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். பேத்தியும் அவர்களோடு ஓடிவிட்டாள்.

"மாமா, நாமளும் கீழே போயிடலாம்" என்றாள் மருமகள்.

"புனிதர்கள் மன்றாட்டு மாலை பாதியில நிக்குது. இன்னும் புனிதக் கன்னியர்கள் பேரே வரல. எங்க போறது?"

கன்னியர்கள் எல்லாரும் வந்து முடிந்த பிறகுதான் இறங்கினார்கள். முன்னால் வெள்ளை அங்கியில் பாட்டுப் பாடிக்கொண்டே சாமியார். அவருக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு உபதேசியாரும் மகனும். கடைசியில், புகையில் கண் சிவந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே மருமகள். தெருவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழி விட்டார்கள். வேற்று நாட்டில் நம் மார்க்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று உபதேசியார் நிமிர்ந்து நடந்தார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து இருந்தது. பூசைக்குப் புறப்பட்டபோது எதிர்வீட்டுப் பியானோ டீச்சர் மருமகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது. என் வீட்லயும் இது நடந்திருக்கு. மனசைத் தளர விடாதீங்க."

மருமகள் தலையை ஆட்டிவிட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா அழற?"

"நேத்துப் புகை இன்னும் போகல மாமா."

மாலைக்குள் இன்னும் இரண்டு பூங்கொத்துகளும் ஒரு பிஸ்கட் டப்பாவும் வந்து சேர்ந்தன. உபதேசியார் பூக்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். விஷயம் விளங்கியது.

"டேய், நம்ம வீட்ல சாவு விழுந்துட்டதா நெனச்சுக்கிட்டாங்கடா! வெள்ளை அங்கி, மெழுகுவத்தி, பாட்டு, உன் பொண்டாட்டி அழுகை. வேற என்ன நெனப்பாங்க?"

மகனுக்கு முகம் வெளுத்தது. "அப்பா, வர்ற சனிக்கிழமை வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வர்றார். சாவு விழுந்த வீடுன்னு கேள்விப்பட்டா ராசி இல்லன்னு காலி பண்ணச் சொல்லிடுவார்."

அது சாதாரண விஷயமில்லை. நெஞ்சுக்கு வெளியே இருதயம் தெரிகிற இயேசு படத்தைப் பார்த்துப் பயப்படாமல், அதை மாட்ட ஆணியும் அடிக்கவிட்ட ஒரே வீட்டுக்காரர் அந்த ஊரில் அவர்தான். மற்றவர்கள் "இவர் யார், டாக்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள்.

"நீ போய் எல்லார்கிட்டயும் விளக்கிச் சொல்லு. ஆனா சாவுங்கற வார்த்தை நம்ம வாயிலருந்து வரக் கூடாது. வம்சத்துக்கு ஆகாது."

மகன் லிப்டில் அதே கட்டடத்தில் குடியிருந்த பல் டாக்டரைப் பிடித்தான். "அன்னைக்கு நடந்தது ஒரு ஆசீர்வாதம்தாங்க. வீட்ல இருக்கற கெட்டது எல்லாம் போகணும்னு செய்யறது."

"போச்சா?" என்று ஆவலோடு கேட்டார் டாக்டர்.

"எது?"

டாக்டர், "உங்க மனைவியை நல்லா பாத்துக்கங்க" என்று தோளில் தட்டிவிட்டு, தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார். அன்று மாலை அவரிடமிருந்து வந்ததுதான் இருந்ததிலேயே பெரிய பூங்கொத்து.

"உன்னை அனுப்பினது என் தப்பு" என்றார் உபதேசியார். "யாரும் குறையலன்னு அவங்க கண்ணால பாக்கணும்."

புதன்கிழமை மாலை குடும்பம் முழுவதும் பூசைக்குப் போகும் உடையில் கீழ்த்தளக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க உபதேசியாருக்கு வராது. லிப்டில் முண்டியடித்தவர்களை வரிசையில் நிறுத்தினார். பியானோ டீச்சரிடம் அவளுடைய மாணவி மூன்றாவது வரியில் தாளம் தப்புகிறாள் என்று எடுத்துச் சொன்னார். குப்பைப் பையோடு வந்த ஒருவரை, பையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போகச் சொன்னார். உயிரோடு இருக்கிற ஒருவர் இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்? அப்படியும் ஒவ்வொருவரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே மருமகளிடம் போய் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்கள்.

"மாமா, மேல போயிடலாம். எனக்கு வெக்கமா இருக்கு."

"நிமிந்து உக்காரும்மா. நம்ம என்ன தப்பு பண்ணோம்?"

வெள்ளிக்கிழமை உபதேசியார் தானே கதவு கதவாகத் தட்டினார். அந்த நாட்டு மொழி அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் தடையில்லாமல் வரும். அன்று வந்தது.

"எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம். முக்கியமா நான். எங்க வம்சத்துல யாரும் தொண்ணூறுக்கு முன்னாடி போனதில்ல. எனக்கு இப்பத்தான் அறுபத்தெட்டு. விசாவும் வந்தாச்சு. இங்கேயேதான் இருக்கப் போறேன்."

பியானோ டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தொண்ணூறு வரைக்குமா?"

"அதுக்கு மேலயும்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பல் டாக்டர், "அந்தப் பொண்ணு பாவம்" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்தினார். குப்பைப் பைக்காரர் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே விளக்கு மட்டும் அணைந்தது.

"நம்ப மாட்டேங்கறாங்கடா" என்று மகனிடம் வந்து சொன்னார் உபதேசியார். "நான்தான் செத்துட்டேன், என் ஆவி வந்து கதவைத் தட்டுதுன்னு நெனைக்கறாங்க."

மருமகள் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். உள்ளிருந்து வந்த சத்தம் அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. குடும்பம் கீழே இறங்கிக் கூடத்தில் காத்திருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கையிலும் ஒரு பூங்கொத்து! அவர் உபதேசியாருக்கு ஒரு வணக்கம் மட்டும் போட்டுவிட்டு, மருமகளிடம் போய்ப் பூவை நீட்டினார். "கேள்விப்பட்டேம்மா" என்றார்.

மகன் கண்ணை மூடிக்கொண்டான். வீடு போயிற்று. இருதயப் படத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

உபதேசியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வம்சமாவது வார்த்தையாவது! மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வீட்டுக்காரர் முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, இந்தக் கட்டடத்துல உனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. இவர் முன்னாடி உண்மையைச் சொல்லு. எங்க வீட்ல சாவு விழுந்துடுச்சுன்னு இங்க பேசிக்கறாங்களா, இல்லையா?"

வாட்ச்மேன் வீட்டுக்காரரைப் பார்த்தான். மருமகளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சாவா? அப்படி ஒரு பேச்சே இங்க இல்லைங்கய்யா. தாத்தா இனிமே ஊருக்கே திரும்பிப் போக மாட்டார்னு உங்க பேத்தி அன்னைக்குத் தெருவுல சொல்லிச்சு. அதுக்குத்தான் எல்லாரும் உங்க மருமகளுக்குப் பூ கொடுத்தாங்க."