நீல மூடி போட்ட தொட்டி

கேனின் கடைசிச் சொட்டும் இறங்கிய பிறகுதான் மேனேஜர் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். அது கறுப்பு. நீல மூடியோ பக்கத்தில் இருந்த சின்னத் தொட்டியின் வாயில், யாரும் தொடாமல், பத்திரமாக இருந்தது.

மெத்தைக் கம்பெனிக்குப் புதிதாக வந்த டீசல் லாரி அது. கறுப்பு மூடி போட்ட பெரிய தொட்டி டீசலுக்கு. நீல மூடி போட்ட சின்னது, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாத் தண்ணிக்கு. மாற்றி ஊற்றினால் எஞ்சின் காலி என்று டிரைவர்களைக் கூட்டிவைத்து வகுப்பெடுத்தவரே மேனேஜர்தான். மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வராதீர்கள் என்று அன்றைய வகுப்பை முடித்தவரும் அவர்தான்.

யூரியா குறைவு என்று வண்டியில் விளக்கு எரிந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். இதற்குப் போய் ஆள் தேடுவானேன் என்று மேனேஜர் தானே கேனைத் தூக்கிவிட்டார். காதில் போன் இருந்தது. யாரோ ஒருவரின் கவனக்குறைவைக் கண்டித்துக்கொண்டே ஊற்றினார்.

அந்த நிமிஷமே, வண்டியை எடுக்காதே, தொட்டியைக் கழுவு என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் ஏன் கழுவ வேண்டும் என்று டிரைவர் கேட்பாரே. நிறைய டீசலைக் கலந்தால் யூரியா அடங்கிப்போகும் என்று மேனேஜர் தானாக ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்தார். டிரைவர் வந்ததும், எதிரே இருக்கும் பங்க்கில் தொட்டி நிறைய டீசல் போட்டு வரச் சொன்னார்.

போகும்போது லாரி இருமியது. வரும்போது வெள்ளைப் புகை கக்கியது. கம்பெனி கேட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது, அப்புறம் அசையவில்லை. உள்ளே இருந்த லாரிகள் வெளியே போக முடியவில்லை. வெளியே இருந்தவை உள்ளே வர முடியவில்லை. நடுவில் வாட்ச்மேன், கேட்டை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நின்றார்.

லாரியைத் தள்ளி ஓரங்கட்டிய பிறகு மெக்கானிக் வந்து தொட்டியைத் திறந்து முகர்ந்தார். டீசலில் யாரோ யூரியாவை ஊற்றியிருக்கிறார்கள் என்றும், பம்ப்பு முதல் இன்ஜெக்டர் வரை எல்லாம் போச்சு என்றும் சொன்னார். ஓட்டாமல் இருந்திருந்தால் தொட்டியைக் கழுவியதோடு முடிந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். மேனேஜருக்கு அது தேவையில்லாத தகவலாகப் பட்டது.

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. லாரி மேல் அவ்வளவு பாசம் போல என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

"யார் ஊத்தினாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார் முதலாளி. "நீங்களே விசாரிங்க. உங்களை விட்டா எனக்கு வேற யார் இருக்கா?"

ஆக, தன்னையே தேடிப் பிடிக்கும் பொறுப்பு மேனேஜரின் தலையில் விழுந்தது. அவர் தேடினார், தன்னைத் தவிர எல்லா இடத்திலும் தேடினார்.

பங்க்கில்தான் கலப்படம் நடந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். முதலாளி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அதேதான்" என்று மேஜையைத் தட்டிவிட்டு, நேரே போய் பங்க்காரரிடம் சத்தம் போட்டார். அதே டீசலைப் போட்டுப் போன வண்டிகள் எல்லாம் ஜோராக ஓடுவதைப் பங்க்காரர் கைநீட்டிக் காட்டினார். காட்டியதோடு விடவில்லை, இனி உங்கள் வண்டிகளுக்கு ஒரு சொட்டு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். நேற்று ஒரு லாரிதான் நின்றது. இன்று எல்லா லாரிகளும் நின்றன.

அடுத்து எதிரி மெத்தைக் கம்பெனியின் சதியாக இருக்கலாம் என்று மெதுவாக இழுத்தார். முதலாளி அதையும் ஆசையாகப் பிடித்துக்கொண்டு நாலு பேரிடம் சொன்னார். எதிரி கம்பெனியிலிருந்து வக்கீல் போன் செய்தார். முதலாளி அரை மணி நேரம் போனில் மன்னிப்புக் கேட்டார்.

"இப்படியே போனா சரிப்படாது," என்றார் முதலாளி, வியர்வையைத் துடைத்தபடி. "டிரைவர்தான்னு முடிச்சிடலாமா?"

மேனேஜர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

வேலை போன செய்தி கேட்டும் டிரைவர் சத்தம் போடவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். "நான் ஊத்துற ஆளா சார்?" என்று மேனேஜரிடம் மட்டும் கேட்டார். மேனேஜர் கோப்பைப் புரட்டினார். டிரைவர் போய்விட்டார். மற்ற டிரைவர்களும் வரிசையாக வந்து சாவிகளை அதே மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். மேனேஜருக்குக் கோப்பு வைக்க இடமில்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தை யாரோ செய்ததாகவே மனைவியிடம் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"நீங்கதானே ஊத்துனீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துணி துவைக்கிற மெஷின்ல தரை துடைக்கிற லோஷனை ஊத்தினவர்தானே நீங்க. அந்த டிரைவர் வீட்ல இன்னிக்கு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் காலை மேனேஜர் முதலாளியின் அறைக்குள் போனார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். கறுப்பு மூடி, போன், தானாகக் கண்டுபிடித்த விஞ்ஞானம், எதையும் மறைக்கவில்லை. வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டார்.

முதலாளி எழுந்து வந்தார். அறைவார் என்று மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி கட்டிப்பிடித்தார்.

"நீங்கதான் ஊத்துனீங்களா? நீங்க மட்டுமா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான் மட்டும்தாங்க."

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. உடனே ஊழியர்கள் எல்லோரையும் கம்பெனி கேட் பக்கம் கூட்டினார். டிரைவரை வரவழைத்து அவர் கையிலேயே சாவியைக் கொடுத்தார். மேனேஜரின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"தப்பு யாரும் பண்ணலாம். பண்ணினதை ஒத்துக்க நெஞ்சுல ஒரு தைரியம் வேணும். அது எல்லாருக்கும் வராது. இவரைப் பார்த்து நாம எல்லாரும் கத்துக்கணும்."

கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார். இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று மேனேஜர் உருகிப்போனார். இந்தத் தங்கமான மனிதரிடம் போய் இத்தனை நாள் மறைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. முதலாளி சீட்டியடித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு மேனேஜர் பக்கம் வந்தார்.

"நீங்க ஊத்தினது சரி சார். அன்னிக்கு உங்களுக்கு முன்னாடியே முதலாளி வந்து அதே தொட்டியில அரை கேன் ஊத்தினாரே, அதை யார் கணக்குல எழுதப் போறீங்க?"