கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட மூன்று ஆம்பிளிஃபையர்கள்

எனக்கு மிக நுட்பமான காது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாருமே அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கும் அளவுக்கு அந்தக் காது நுட்பமாக இல்லை.

நாற்பத்தாறு வயதில், மலேசியாவின் கோலா சிலாங்கூரில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டுக்கு ஒரு வால்வு ஆம்பிளிஃபையரைத் தூக்கிவந்தேன். கிள்ளானில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஆட்டுக்குட்டியின் கனம். மேலே நான்கு கண்ணாடிக் குழாய்கள். சுவிட்சைப் போட்டால் அவற்றுக்குள் அந்தி மெல்ல ஊறும். ஆற்றின் மேல் மேகம் சிவப்பதுபோல, அடுப்பில் கரி கண் விழிப்பதுபோல... (சரி, நிறுத்திக்கொள்கிறேன். கோமதியும் இந்த இடத்தில்தான் கொட்டாவி விடுவாள்.)

கோமதி என் மனைவி. ஹாலின் ஜன்னலோர மூலை அவளுடையது. அங்கே தையல் மிஷினைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். பாட்டுக்கும் அந்த மூலைதான் சரி என்று கண்டுபிடித்த நான், மிஷினைச் சமையலறைக்குத் தள்ளினேன். இரண்டு வாரம் மிளகாய் நெடியில் தும்மித் தும்மித் தைத்தவள், தீபாவளி ஆர்டர்கள் குவிந்ததும் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஏற்கனவே ஒரு ஆம்பு இருக்குல்ல? இதுல அப்படி என்னா வித்தியாசம்?"

"அது டிரான்சிஸ்டர். பாட்ட சுத்தமா கொடுக்கும். வால்வு பாட்டுக்கு உசுரு கொடுக்கும்."

"கண்ண மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"சொல்லிட்டா மூல உங்களுக்கு. இல்லன்னா என் மிஷினு இன்னிக்கே ஜன்னலுக்குத் திரும்பிடணும்."

நடுவராக அவள் தம்பி சரவணன் வந்தான். குருவி வீடுகளைப் பராமரிப்பது அவன் தொழில். (எங்கள் பக்கம் ஜன்னலே இல்லாமல் உயரமாக நிற்கும் கட்டடங்கள்தாம். குருவிகள் உள்ளே கட்டும் கூடுகளைச் சூப்புக்கு விற்பார்கள். வழியே போகும் குருவிகளை அழைக்க, பதிவு செய்த குருவிச் சத்தம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.) அந்தச் சத்தத்தைப் போடும் பெட்டி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும்.

"இதையும் சேத்துக்குங்க மாமா. இதுவும் ஆம்புதான், கிளாஸ் டி. கரண்ட்ட நொடிக்கு லட்சக்கணக்கான தடவ போட்டுப் போட்டு அணைக்குது. நாள் பூரா ஓடினாலும் சூடே ஆவாது."

"சூடே இல்லாததுல பாட்டு எப்படிலா வரும்?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது மடல் சிவக்கிறது.

சாயங்காலம். ரவிக்கை லைனிங் துணியால் கோமதி என் கண்ணைக் கட்டினாள். ஒரே ஸ்பீக்கர்கள், ஒரே பழைய பாட்டு. சரவணன் வயரை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தான்.

முதலாவது: "டிரான்சிஸ்டர்." யாரும் மறுக்கவில்லை.

இரண்டாவது: "இது உன் சோப்பு டப்பா. குரல்ல ரத்தமே இல்ல."

மூன்றாவதில் உருகிவிட்டேன். துணிக்குள் கண் நனைந்தது. பாட்டு முடிந்த அமைதியில் கீச் கீச்சென்று மெல்லிய சத்தங்கள் எழுந்தன.

"கேட்டியா சரவணா! பாடுன ரூமுக்கு வெளியே பறவைங்க! வேற எதுலயும் இது வராது. இதான் வால்வு!"

கீச்சொலி பெருகியது. என் தலையைச் சுற்றியது. "என்னா ஸ்டீரியோ! சுத்திச் சுத்தி வருதே!" என்று கைகளை விரித்தேன். உள்ளங்கையில் ஏதோ ஈரமாக விழுந்தது.

"டேய், ஜன்னல சாத்துடா!" கோமதி அலறினாள்.

"சாத்திட்டா உள்ள இருக்கிறது எப்படிக்கா போவும்?"

நான் உருகியது குருவி வீட்டுப் பெட்டியின் பாட்டுக்கு. பாட்டு நின்றதும் தன் மெமரி கார்டிலிருக்கும் குருவிச் சத்தத்துக்குத் தானாகவே மாறிவிடும் பெட்டி அது. குருவிகள் அடையும் நேரம், ஜன்னலோ திறந்திருந்தது. பின்தெருக் குருவி வீட்டுக்குப் போகவேண்டியவை எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டன.

துணியை அவிழ்க்கப் போன நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"அது வால்வு!" என்று கத்தினேன்.

சரியான விடை. இரண்டாவதாகப் பாடிவிட்டு இன்னும் ஆறாமல் இருந்த கண்ணாடிக் குழாயின் மேல் ஒரு குருவி எச்சமிட்டிருந்தது.

"அந்தப் பெட்டிய அவன் கொஞ்சம் சத்தமா வச்சிட்டான். சத்தம் கூடுனாலே காதுக்கு இனிக்கும். மூணையும் ஒரே அளவுல வச்சிருந்தா..." துடைப்பத்தால் குருவிகளை ஜன்னல் பக்கம் ஓட்டியபடியே வாதாடினேன். கடைசிக் குருவி போனதும், கோமதி மிஷினின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மறுநாள் வால்வை விற்கத் துணியில் சுற்றினேன். "விக்காதீங்க," என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "தைக்கிறப்ப எனக்கும் பாட்டு வேணும்ல. ஜன்னல மட்டும் சாத்திட்டுப் போடுங்க."

அது இப்போது மிஷினுக்குப் பக்கத்து அலமாரியில் சிவந்துகொண்டிருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சரவணன் என்னைப் புது ஆட்களுக்கு இப்படித்தான் அறிமுகம் செய்கிறான்:

"எங்க மாமாவுக்குக் காது ரொம்ப நுட்பம். வால்வு மேல குருவி எச்சம் போட்டா போதும், கண்ண கட்டிக்கிட்டே கண்டுபிடிச்சிடுவாரு."