ஒரே சஹனில் மூன்று இலாகா

போலீஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி என்ற மூன்று இலாகாக்களையும் ஒற்றை அகப்பையால் ஆட்டிவைத்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கலெக்டர் இல்லை. எங்கள் கடற்கரை ஊரின் கல்யாணச் சமையல்காரர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பண்டாரி என்றால் அவர்தான்; நேரில் கூப்பிட 'பாய்'. அவர் அடுப்படியில் நின்று "உப்பு!" என்று கத்தினால் சாயல்குடி உப்பளத்தில் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் அப்போது ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சர் தூக்கும் ஆள். வருஷா வருஷம் எங்கள் ஊரில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். முதுகுளத்தூர், திருவாடானைப் பக்கமிருந்தெல்லாம் பஸ் கூரையில் உட்கார்ந்தாவது ஜனம் வந்துவிடும்.

ஒரு வருஷம் ஒரு படகு கவிழ்ந்தது. மூன்று இலாகாவும் கரையில்தான் நின்றோம். "தண்ணிக்குள்ள எங்க எல்லை இல்ல" என்றது போலீஸ். "தீப்பிடிக்கலையே" என்றது தீயணைப்பு. "கரைக்குக் கொண்டு வாங்க, பாப்போம்" என்றது எங்கள் ஆஸ்பத்திரி. கொண்டு வந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் பந்தயக் கமிட்டியில் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "இன்னொரு உயிர் போனா இந்த ஊர்ல பந்தயமே கிடையாது!"

விருந்துக்கு எத்தனை ஆடு என்று கேட்க வந்திருந்த பண்டாரி குறுக்கே புகுந்தார். "அய்யா, மூணு இலாகாவையும் அன்னைக்கு மட்டும் என் கையில குடுங்க. ஒரு உசுரு போச்சுன்னா நான் இனி அடுப்பே மூட்டல. தொழிலை விட்டுர்றேன்."

"சமையல்காரர் என்னய்யா செய்வீர்?"

"ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்துல சூடா சோறு போடுறவன் நான். நாலு பேரை எழுப்பி ஓடவிட மாட்டேனா?"

கமிட்டி சிரித்தது. ஆனால் ஊரில் எந்தக் கல்யாணத்திலும் அவர் கைச்சோற்றை விடாத இன்ஸ்பெக்டரால் மறுக்க முடியவில்லை.

பந்தயத்தன்று கரையில் பந்தல் போட்டு வரிசையாகச் சஹன்களை வைத்தார் பண்டாரி. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுதான் சஹன். ஒவ்வொன்றுக்கும் ஒரு போலீஸ், ஒரு தீயணைப்பு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு படகோட்டி. சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய்ச் சஹன் தனி. சஹனில் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் எழுந்து போவது மரியாதை இல்லை என்பது அந்த ஊர் வழக்கம். பண்டாரி அதையே சட்டமாக்கினார். ஒருவன் எழுந்தால் நாலு பேரும் எழுந்து, கரையில் அவர்களுக்கென நிறுத்திய படகுக்கு ஓட வேண்டும். பந்தயம் முடியும்வரை சஹன் காலியாகவும் கூடாது. காலியாகிற மாதிரி தெரிந்தால் இன்னொரு அகப்பை விழும்.

எங்கள் சஹனுக்கு வந்த கான்ஸ்டபிள் கடல் பழக்கமில்லாத உள்நாட்டுக்காரர். கையை மடியில் வைத்துக்கொண்டார். "நான் யார்கூடயும் ஒரே தட்டுல சாப்பிட்டதில்ல."

"ஏலே, கடல்ல விழுந்தா ஒனக்குன்னு தனிக் கடலா ஊத்துவாக? கையை வையி!" என்றார் பண்டாரி.

கை தானாக இறங்கியது. ஐந்தாவது கவளத்தில் கான்ஸ்டபிளும் தீயணைப்புக்காரரும் எலும்புக்குச் சண்டை போடுகிற அளவுக்குச் சிநேகம்.

சாப்பிட்ட சுகத்தில் கான்ஸ்டபிள் பீடி பற்றவைக்க எழுந்தார். அவ்வளவுதான். நாங்கள் மூவரும் எழுந்து ஓடினோம். எங்களைப் பார்த்து எல்லாச் சஹனும் ஓடியது. தீயணைப்பு வண்டியில் மணி அடித்தது. வேடிக்கை பார்த்த ஜனம் முழங்கால் தண்ணீரில் நின்றது.

"யாருய்யா மூழ்கினது?" என்று இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார்.

"யாரும் இல்லைங்கய்யா... பீடி."

"பண்டாரி! எல்லாரையும் அவங்கவங்க இடத்துக்கு அனுப்பிருவேன்!"

பண்டாரி அசரவில்லை. "ஒரு பீடிக்கே இந்த ஓட்டம் ஓடியிருக்கானுகய்யா. ஒத்திகை பாஸு!"

எல்லோரும் திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். திருப்பத்தில் ஒரு படகு சாய்ந்தது. இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மூன்றாவது ஆள் பாய்க்கு அடியில் போய்விட்டான். பண்டாரி அகப்பையால் சோற்றுத் தேக்சா அண்டாவில் ஓங்கி அடித்தார். யார் எல்லை என்று யாரும் கேட்கவில்லை. சோற்றுக் கையோடு படகில் விழுந்தோம். கரை விலகிய பிறகுதான் கான்ஸ்டபிள் அலறினார். "அய்யய்யோ, எனக்கு நீச்சல் தெரியாதே!"

"குதிக்கச் சொல்லல. இதைப் பிடி" என்று தீயணைப்புக்காரர் தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவர் கையில் திணித்துவிட்டுக் குதித்தார். எங்கள் படகோட்டி கவிழ்ந்த படகின் பாய்க் கயிற்றை அறுத்துவிட்டார். கான்ஸ்டபிள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி, இரண்டு ஆள் பாரத்தையும் தனியாக இழுத்தார். பாய்க்கு அடியிலிருந்து வந்தவனை நான் படகில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் கேட்டான்: "எந்தப் படகுண்ணே முந்துச்சு?"

கரையில் ஆரவாரம். இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றி வீசினார். பண்டாரியை மட்டும் காணோம். தேடிப் போனேன். பந்தலுக்குப் பின்னால், அடுப்போரம் மணலில் உட்கார்ந்திருந்தார்.

"பொழச்சானா?" என்று நிமிராமலே கேட்டார்.

"பொழச்சுட்டான் பாய். யாரு ஜெயிச்சதுன்னு கேக்குறான்."

காலையிலிருந்து அவர் ஒரு பருக்கைகூட வாயில் போடவில்லை என்று அடுப்படியில் நின்றவர் சொன்னார். ஒரு தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தேன். எடுக்கப் போனார். எடுத்த சோறெல்லாம் வாய்க்குப் போகுமுன் மணலில் சிந்தியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் உருட்டி அவர் வாயில் வைத்தேன். பெற்ற அய்யாவுக்குக்கூட நான் அப்படி ஊட்டியதில்லை.