மிதக்கும் அடுப்பு

போன வாரம் படகில் வந்துபோன எவனோ, "இது படகு இல்லை, மிதக்கும் அடுப்பு" என்று ஊரே படிக்கிற மாதிரி இணையத்தில் எழுதிவிட்டான்.

கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. சொந்தமாக ஒரே ஒரு சுற்றுலாப் படகு. ஏரியை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். கிண்டலுக்கு வைத்த பட்டத்தை அவர் நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்.

"ஃபேன் இல்லையாம், ஜூஸ் சூடா இருந்துச்சாம். ஏரிக்கு வர்றவனுக்கு எதுக்கு ஃபேன்? தலையை வெளில நீட்ட வேண்டியதுதானே?"

"ஞாயித்துக்கிழமை டீச்சரம்மா குடும்பத்தோட வர்றாங்க," என்றாள் மனைவி. "அவங்களும் இப்படி எழுதினா, போட்டை வித்துட்டு வீட்ல உக்காருங்க."

அவள் சொன்னால் செய்கிற ரகம். படகு போனால் கேப்டன் என்று யார் கூப்பிடுவார்கள்? ஃபேனும் ஃப்ரிட்ஜும் போட்டே ஆகவேண்டும். அதற்குக் கரண்ட்?

மனைவியின் தம்பிக்கு போன் போட்டார். எலக்ட்ரீஷியன்.

"இன்வெர்ட்டர் போடுங்க மாமா. சத்தமே வராது."

"ஃப்ரிட்ஜைப் போட்டா பாதி ஏரில பேட்டரி படுத்துடும். ஜெனரேட்டர்தான் சரி."

"அது தடதடன்னு உயிரை வாங்கும் மாமா. புகை வேற."

"எனக்கே போட்டைப் பத்திப் பாடம் எடுக்கறியா?"

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, சர்வீசுக்குச் சொல்லியிருந்தீங்களே. எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எடுத்துட்டுப் போய்யா, ஆளை விடு," என்று கையை வீசிவிட்டு, கேப்டன் மறுபடி போனில் கத்தினார்.

கத்தி என்ன பயன்? மனைவி தம்பி பக்கம். இன்வெர்ட்டர்தான் வந்தது.

பேட்டரிகள் ஒவ்வொன்றும் கல்லுரல் கனம். இடது பக்க சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். படகு இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் மாற்றினார்கள். அந்தப் பக்கம் சாய்ந்தது. நடுவில் வைத்ததும் மச்சானே தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். கடைசியில் முன்பக்கம் தள்ளினார்கள். படகு மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது.

"என் போட் இப்படித் தலை குனிஞ்சு நான் பார்த்ததே இல்ல," என்று கேப்டன் கொதித்தார். "எல்லாம் உன் இன்வெர்ட்டரால வந்த வினை."

"அப்ப பின்னாடி எதையாவது கனமா வைக்கணும் மாமா."

"ஜெனரேட்டர். அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்?"

அதுவும் வந்தது, டெலிவரிக்காரர் வைத்த ஒரு நசுங்கலோடு. கேப்டன் கரையில் நின்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மச்சான் படகின் பின்பக்கப் பலகையைத் தூக்கிப் பார்த்தான்.

"மாமா, இதுக்கடியில நல்ல இடம் இருக்கு. வைக்கட்டுமா?"

"இடம் இருந்தா வைடா. இதுக்குமா என்னைக் கேப்பே?"

அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அங்கே சும்மா தொங்கிய சாவி ஒயரையும் மச்சான் அதிலேயே மாட்டிவிட்டான். பலகையை மூடினால் சத்தமும் பாதியாக அடங்கியது. படகு நிமிர்ந்தது, கேப்டனும் நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா குடும்பம் ஏறியது. ஃபேன் சுற்றியது. ஜூஸ் பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருந்தது.

"எவனோ அடுப்புன்னு எழுதியிருக்கானே, கண்ணு தெரியாதா அவனுக்கு?" என்றார் டீச்சரம்மா. கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

தொப்பியைச் சரிசெய்தார். கயிற்றை அவிழ்த்தார். சாவியைத் திருகினார். பின்னால் சீரான உறுமல் கேட்டது. கம்பீரமாக ஸ்டியரிங்கை ஒடித்தார்.

படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபடி திருகினார். உறுமல் இருந்தது, நகர்வு இல்லை. டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன் பேட்டரி கனம்தான் போட்டை அமுக்குது," என்று மச்சானிடம் பல்லைக் கடித்தார்.

"உங்க ஜெனரேட்டர் கனம் மாமா."

"என் ஜெனரேட்டரைக் குறை சொன்னே, ஏரியில தள்ளிடுவேன்."

"தள்ளுங்க. அப்பவாவது ஏதாவது நகருதான்னு பார்ப்போம்."

கரையில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டு வந்து நின்றது. மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, சர்வீஸ் முடிஞ்சுது. அந்தப் பின்பக்கப் பலகையைக் கொஞ்சம் தூக்குங்க, உங்க போட் இன்ஜினை உள்ள வெச்சுடறேன்."