ரோஜாவுக்குப் பத்து வாளி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் மகளும் பச்சைக் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். நீ போனதிலிருந்து நாங்கள் காவல் இருக்கும் உன் வீடும் நலம். தோட்டத்தைப் பற்றி எழுதத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

நடைபாதைக் களைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னாய். "கல்லு இடுக்குல மட்டும் ஊத்து. செடிப் பக்கம் ஒரு சொட்டு போகக் கூடாது. மழை வர்ற மாதிரி இருந்தா வேண்டாம். மண்ணுல உப்பு இறங்கினா லேசுல போகாது" என்று போனில் மூன்று தடவை சொன்னாய். பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் கரைசல் கலக்கியவனுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கோபம்கூட வந்தது. இரண்டு லிட்டர் வெந்நீரில் உப்பை அளந்து கலக்கி, ஆறட்டும் என்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. என் வீட்டுக்காரியே ஊற்றிவிட்டாள் போல என்று நினைத்தேன். எங்கே ஊற்றினாய் என்று கேட்கவில்லை. எங்களுக்குள் உப்புப் பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சமையலில் உப்பு அதிகம் என்று சொன்னேன், பதினோரு நாள் அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவித்த உருளைக்கிழங்குகூட வாயில் வைக்க முடியவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, நன்றாக இருந்தது என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இடுக்கில் ஒரு களையும் வாடவில்லை, ரோஜாவில் ஓர் இலை மஞ்சளாகியிருக்கிறது. அத்தான் கடைசியாக நட்ட ரோஜா. அங்கேதான் ஊற்றியிருக்கிறாள். உப்பைக் கழுவி இறக்க, காலையில் பத்து வாளி, மாலையில் பத்து வாளி என்று பத்து நாளாகத் தண்ணீர் விடுகிறேன். மத்தியானத்தில் அவளும் சத்தமில்லாமல் வாளியைத் தூக்குகிறாள். மனசு உறுத்துகிறது போல, பாவம். இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் கேட்காதே. அந்தச் செடி போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

குழந்தைக்கு என் ஆசிகள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன், அவள் படித்துவிட்டாள். "நான் எதுக்குங்க ரோஜாவுல ஊத்தறேன்? உப்புப் போட்டு வெந்நீர் இருந்துச்சு, கெழங்கு வேகவைக்கன்னு நெனச்சேன். அதுலயே வேகவெச்சேன்" என்கிறாள். அப்போ நீ ஏன் தண்ணி ஊத்தினே என்றேன். "நீங்க வாளி வாளியா ஊத்தறதப் பாத்து, அதுமேல எதையோ கைதவறிக் கொட்டிட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவீங்க." ரோஜாவில் உப்பே விழவில்லை, அக்கா. அந்த முதல் இலை தானாகப் பழுத்தது, மற்றதெல்லாம் உதிர நாங்கள்தான் மூன்று வேளையும் தண்ணீரில் முக்கியெடுத்திருக்கிறோம். நிறுத்திவிட்டோம். நுனியில் சிவப்பாக ஒரு துளிர் தெரிகிறது. வழிந்த தண்ணீரில் களை முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது, பார்த்து வா.

கடைசியாக, "கெழங்கு கரிச்சுதா?" என்று கேட்டாள். துணிந்து, ஆமா என்றேன்.

"எனக்குந்தான்" என்றாள்.