கோழிக்குப் போட்ட விளக்கு

இனிமேல் இந்த வீட்டுக்குள் கடை முட்டை நுழையக் கூடாது.

இப்படி நான் சபதம் செய்தபோது நல்ல வெயில் காலம். கொல்லையில் என்னுடைய நாலு கோழிகளும் போட்டி போட்டுக்கொண்டு முட்டையிட்டன. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் குளிர் வந்தது. முட்டை நின்றது. நாலும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்ட மாதிரி நிறுத்திவிட்டன. தீனியை மட்டும் நிறுத்தவில்லை.

மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். வந்ததும் அக்காவைப் பார்க்க மாட்டான், நேராகக் கோழிக்கூண்டுக்குப் போவான். அன்றைக்கு எங்கள் செவலைக் கோழியைத் தூக்கி, கையில் ஏற்றி இறக்கி எடை பார்த்தான்.

"மாமா, சும்மா உக்காந்து தின்றதுக்கு நாலு பேரா? அடுத்த தடவை வர்றப்போ பெரிய பாத்திரமா எடுத்துட்டு வரட்டுமா?"

"டேய், அதைக் கீழ விடுடா!"

"இந்த மாசம் முடியட்டும்டா தம்பி," என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்தபடியே. "அதுக்குள்ள முட்டை வரலைன்னா நீயே கொண்டு போ."

அந்தச் செவலைக்கு நான் வைத்த பேர் மேஸ்திரி. மற்ற மூன்றையும் அதுதான் மேய்க்கும். சொன்னால் வெட்கம், இந்த வீட்டில் நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற ஒரே ஜீவன் அது. அதைப் போய் பாத்திரத்தில் போடுவதாவது!

அவன் போனதும் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"தீவனக் கடைக்காரர்கிட்ட கேட்டேங்க. குளிர்காலத்துல பகல் சுருங்கிடுதாம். வெளிச்சம் பத்தலைன்னா கோழி முட்டையை நிறுத்திடுமாம். விடியறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விளக்கு எரியணுமாம்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் எலக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவன். என் வீட்டுக் கொல்லையில் மட்டும் கல்யாணம் ஆன நாள் முதல் கும்மிருட்டு. "துவைக்கிற கல்லு பக்கம் ஒரு பல்பு போடுங்க" என்று அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நாள் முழுக்க ஊரான் வீட்டில் ஏணி ஏறிவிட்டு வருகிறவன், சொந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவானா?

ஆனால் மேஸ்திரியின் உயிராச்சே! அன்றைக்கே ஒயர் இழுத்தேன், பல்பு மாட்டினேன். கொல்லை பளிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை கூண்டுக்குள் கையை விட்டேன். முட்டை! கதகதவென்று இருந்தது.

"பார்த்தியா? பார்த்தியா? இதுக்குப் பேருதான் மூளை!"

"அடேயப்பா, உங்களுக்கு எவ்வளவு மூளைங்க!" என்றாள். கண்ணை அகல விரித்தாள்.

இரண்டு நாள் முட்டை வந்தது. மூன்றாம் நாள் இல்லை.

"கதவு கிறீச்சுங்குதுல்ல, அதுல மிரண்டிருக்கும்," என்றாள்.

கதவுக்கு எண்ணெய் விட்டேன். முட்டை வந்தது. மறுபடி நின்றது.

"கூரை ஒழுகுதே, பனியெல்லாம் உள்ள இறங்குது. எப்படிங்க போடும்?"

கூரைக்குத் தகரம் அடித்தேன். இரண்டு முட்டை வந்தது! அப்புறம் கொல்லைக் குழாய். ராத்திரி முழுக்கச் சொட்டுகிற சத்தத்தில் கோழிக்குத் தூக்கம் கெடுகிறதாம். குழாயை மாற்றினேன். துணி காயப் போடுகிற கம்பி தொய்ந்து தலையில் இடிக்கிறதாம். யாருடைய தலையில் என்று நான் கேட்கவில்லை. இழுத்துக் கட்டினேன். முட்டை கொட்டியது.

மாதக் கடைசி ஞாயிறு. மைத்துனன் பாத்திரத்தோடு வந்தான்.

"உக்காருடா," என்றேன். "உன் கண்ணு முன்னாடியே எடுக்கறேன் பாரு."

கூண்டுக்குள் கையை விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தேன். சுட்டுவிட்டது. முட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பிடித்து ஊதினேன்.

"என்ன மாமா, இப்படிக் கொதிக்குது?"

"பல்பு சூடுடா. இப்போதான் போட்டிருக்கு. பச்சையாவே குடிக்கறேன் பாரு."

டம்ளர் விளிம்பில் தட்டினேன். ஒன்றும் வடியவில்லை. இன்னொரு தட்டு தட்டினேன். ஓடு உரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, வழுவழுவென்று, நன்றாக வெந்த முட்டை.

மைத்துனன் என்னைப் பார்த்தான். முட்டையைப் பார்த்தான். மேஸ்திரியையும் ஒரு தடவை பார்த்தான்.

"மாமா, அடுத்த தடவை கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துப் போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். எனக்கு மானம் போயிற்று. அடுப்படி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கடை முட்டை சில்லுனு இருக்குங்க. வெந்நீர்ல முக்கி எடுத்தாத்தான் இப்போ போட்ட மாதிரி இருக்கும். இன்னிக்குன்னு பார்த்து தங்கச்சி போன் பண்ணிட்டா. பேச்சு சுவாரசியத்துல அடுப்பை மறந்துட்டேன்."

"அப்போ இத்தனை நாளும் முட்டை போட்டது நீதானா?"

"பின்ன? லைட்டு போட்டீங்க, தகரம் போட்டீங்க. நான் சும்மா இருக்க முடியுமா? ஆளுக்கொரு வேலை."

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கையில் எடுத்தான். மேஸ்திரி ஒன்றும் தெரியாமல் என் காலைச் சுற்றி வந்தது. கோபம், ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "வேண்டாம்மா, பாவம்" என்று கெஞ்சினேன்.

"வச்சுட்டுப் போடா," என்றாள் தம்பியிடம். "இதுங்க இருக்கறதாலதான் இந்த வீட்டுல வேலையே நடக்குது."

மேஸ்திரி பிழைத்தது. நான் புது சபதம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் ஓர் ஆணியும் அடிப்பதில்லை. ஒரு வாரம் உறுதியாகத்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு காலை, கொல்லையில் மேஸ்திரி ஊரைக் கூட்டியது. ஓடினேன். கூண்டில் ஒரு முட்டை! தொட்டால் இளஞ்சூடு. மனைவி அப்போதுதான் எழுந்து கொண்டை போட்டபடி வந்தாள்.

"நான் இல்லைங்க. கடைப்பக்கமே நான் போகலை. உங்க லைட்டுதான் வேலை செய்யுது."

"நிஜமாவா?"

"உங்க கை வேலைன்னா சும்மாவா? மாடிப்படியிலயும் அந்த மாதிரி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபி கூடக் குடிக்காமல் ஏணியைக் கொண்டு வந்தேன். விறுவிறுவென்று ஏறி, பல்பையும் மாட்டி முடித்தேன். அங்கே மேலே நின்றால் அடுப்படி ஜன்னல் நன்றாகத் தெரிகிறது. அடுப்பின் மேல் சின்னதாக ஒரு பாத்திரம். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா... அந்த முட்டை கோழி போட்டதுதானே?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறினது ஏறிட்டீங்க, அந்த ஒட்டடையையும் அடிச்சிட்டு இறங்குங்க."